'கூடும்' என்ற சொல்லின் கனதி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் கட்டுரைகள் பல, வரும் வழியிலேயே துணிச்சல் பெற்றுவிடுகின்றன. மூலத்தில் 'இவ்வாறும் இருக்கலாம்' என்று இருந்தது தமிழில் 'இவ்வாறே' என்று நிற்கிறது. 'இத்தரவுகள் இப்படி எண்ண இடந்தருகின்றன' என்ற வாக்கியம் 'இத்தரவுகள் இதனை நிரூபிக்கின்றன' என்று வந்து சேர்கிறது. மொழிபெயர்த்தவர் எதையும் கூட்டவில்லை. கருத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணவுமில்லை. பெயர்ச்சொற்கள், வினைச்சொற்கள், ஆண்டுகள், எண்ணிக்கைகள் யாவும் பத்திரமாக இருக்கின்றன. வழியில் தவறியது ஒரு சிறு துணைவினை மாத்திரமே. ஆனால் எழுதியவர் தமது கூற்றுக்கு எவ்வளவு தூரம் பிணை நிற்கிறார் என்ற செய்தி அந்தத் துணைவினையில்தான் இருந்தது.

கவிதையின் மொழி பற்றியும் புனைகதையின் மொழி பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கருத்துரைநடையின் மொழி பற்றி, அதிலும் ஐயத்தை எழுதும் மொழி பற்றி, பேசியது குறைவு. ஆங்கில எழுத்துரைநடை இவ்விடயத்தில் நெடுங்காலம் பழகி வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் நேர்மையும் உண்டு, சூதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே இங்கு நாம் பார்க்க வேண்டியது.

நமது பாடசாலைகளில் 'மே', 'மைட்', 'குட்' என்னும் சொற்கள் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. அனுமதி கேட்பதற்கு 'மே', ஆற்றலைச் சொல்ல 'கேன்', அதன் இறந்தகாலம் 'குட்' என்று மாணவர் மனனம் செய்கின்றனர். பரீட்சைக்கு இது போதும், வாசிப்புக்குப் போதாது. ஒருவர் இறந்து 'மே ஹேவ்' என்று எழுதினால், அவர் இறந்தாரா இல்லையா என்பது எழுதுபவருக்குத் தெரியாது என்பது பொருள். 'மைட் ஹேவ்' என்று எழுதினால் அதே பொருளும் வரலாம். இறக்கவிருந்தார், ஆனால் தப்பிவிட்டார் என்ற பொருளும் வரலாம். 'இறந்திருக்கலாம்' என்று இரண்டையும் ஒரே சொல்லால் தமிழாக்கிவிட்டால், உயிரோடிருப்பவருக்கு நாம் ஜனாஸா அறிவித்தல் விடுத்தது போலாகும்.

'மஸ்ட்' என்ற சொல்லின் போக்கு இன்னும் விசித்திரமானது. பார்வைக்கு அது மிக உறுதியான சொல். ஆனால் 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்பவர் கண்டு சொல்கிறார். 'அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்' என்பவர் காணாமல், காரணம் காட்டி ஊகித்துச் சொல்கிறார். உறுதி கூடுவது போலத் தோன்றும் இடத்தில் உண்மையில் உறுதி ஒரு படி குறைகிறது. 'சீம்', 'அப்பியர்', 'இண்டிகேட்', 'சஜெஸ்ட்' ஆகிய வினைகளுக்கும் இப்படித் தனித்தனிப் படிகள் உள்ளன. 'இம்ப்ளை' என்பது கூற்று தன்னுள் வைத்திருக்கும் உட்பொருள். 'இன்ஃபர்' என்பது வாசகன் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முடிவு. இவற்றைக் கலந்துவிட்டால், நாம் எடுத்துக்கொண்ட முடிவை எழுதியவர் தலையில் சுமத்திவிடுவோம்.

இத்தகைய சொற்களுக்கு 'ஹெட்ஜ்' என்ற பெயரை மொழியியலில் நிலைபெறச் செய்தவர் ஜோர்ஜ் லேக்கொஃப். 1972இல் அவர் எழுதிய ஆய்வுக்குப் பின் அப்பெயர் பரவலாயிற்று. அதன் நேர்ப்பொருள் வேலி. கிராமத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலி எல்லையைக் காட்டுகிறது: இதுவரை என் வளவு, அதற்கு அப்பால் எனக்கு உரிமையில்லை. அதே வேலி மறைவும் தருகிறது: உள்ளே நடப்பது வெளியே தெரியாது. ஆங்கில உரைநடையின் ஐயச்சொற்கள் இந்த இரண்டு வேலைகளையும் செய்கின்றன. விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வேலி எல்லைக்கா, மறைப்புக்கா என்பதே.

இரண்டையும் ஒரே கட்டுரையில் காண்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஜேம்ஸ் வட்சன், பிரான்சிஸ் கிறிக் ஆகிய இருவரும் டீ.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருள் அமைப்பை விளக்கி 1953 ஏப்ரல் 25ஆம் திகதி 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையே அது. ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும் அளவு. இருபதாம் நூற்றாண்டின் ஆகப் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றை அறிவிக்கும் அக்கட்டுரை, 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று தொடங்கவில்லை; ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புவதாகச் சொல்லித் தொடங்குகிறது. இடையிலே, தங்களுடைய அமைப்பு பரிசோதனைத் தரவுகளுடன் ஏறத்தாழ ஒத்துப்போகிறது என்றும், மேலும் நுட்பமான பெறுபேறுகளுடன் ஒப்பிடும் வரை அது நிரூபிக்கப்படாததாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும் அவர்களே எழுதுகின்றனர். எதைச் செய்தால் ஐயம் நீங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எல்லைவேலி என்று நான் கருதுவது இதைத்தான்.

முடிவை நெருங்கும் இடத்திலே புகழ்பெற்ற அந்த வாக்கியம் வருகிறது. தாங்கள் ஊகித்த சோடி சேர்தல், மரபுப் பொருள் தன்னைப் பிரதி செய்துகொள்வதற்கான சாத்தியமான ஒரு பொறிமுறையை உடனடியாகவே உணர்த்துவது தங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்பது அதன் சாரம். எத்தனை படிகள் பாருங்கள்! 'ஊகித்த', 'உணர்த்துவது', 'சாத்தியமான' என்ற மூன்றும் அடக்கம். 'தப்பவில்லை' என்ற எதிர்மறையோ அடக்கம் போலத் தோன்றும் உரிமைக்கோரல். உயிர் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் இரகசியம் இதுவாக இருக்கலாம் என்ற பெருஞ்செய்தி அந்த ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அது எப்படி வந்தது என்பதைக் கிறிக் 1988இல் வெளிவந்த தமது தன்வரலாற்று நூலில் சொல்லியிருக்கிறார். மரபியல் விளைவுகளைக் கட்டுரையில் விரிவாகப் பேச வேண்டும் என்பது அவர் விருப்பம். அமைப்பு பிழையாகிவிடுமோ என்ற அச்சம் இடையிடையே வட்சனைப் பிடித்துக்கொள்ளும். அவர் வேண்டாம் என்றார். கிறிக் விட்டுக்கொடுத்தார். ஆனால் ஒன்றுமே சொல்லாவிட்டால் வேறொருவர் அதை எழுதிவிடுவார். தங்களுக்கு அது தெரியவில்லை என்றும் உலகம் நினைக்கும். ஆகவே ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆக, அது இருவர் மனநிலைகளுக்கு இடையிலான ஒரு சமரசம். முதலில் சொன்னவர் நாமே என்று இட்ட முத்திரையும் கூட. ஐந்து வாரங்களின் பின், மே 30இல், மரபியல் விளைவுகள் பற்றியே தனிக்கட்டுரை எழுதினார்கள். 1958இல் மெசல்சன், ஸ்டால் ஆகியோரின் பரிசோதனை, அவர்கள் குறிப்பாலுணர்த்திய பிரதி முறைக்கு வலுவான ஆதாரமாயிற்று. சொன்ன ஐயம் பரிசோதிக்கத்தக்கதாக இருந்தமையால் பரிசோதிக்கப்பட்டது.

ஆனால் அதே கட்டுரையின் கடைசிப் பகுதியிலே வேறொரு வேலியும் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பணியாற்றிய மோரிஸ் வில்கின்ஸ், ரோசலின்ட் பிராங்க்ளின் முதலியோரின் வெளியிடப்படாத பெறுபேறுகளின் 'பொதுவான தன்மை' பற்றிய அறிவு தங்களுக்குத் தூண்டுதலாக இருந்தது என்று அவர்கள் நன்றி சொல்கிறார்கள். 'பொதுவான தன்மை' என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். பிராங்க்ளினின் ஆய்வில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படத்தை வில்கின்ஸ் வட்சனுக்குக் காட்டியிருந்தார். பிராங்க்ளினின் அளவீடுகளைக் கொண்ட மருத்துவ ஆராய்ச்சி மன்ற அறிக்கையும் அவர்கள் கைக்குக் கிடைத்திருந்தது. பிராங்க்ளினுக்குத் தெரியாமல் நடந்தவை இவை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குப் பயன்பட்ட அதே மங்கலான மொழி, இங்கு தெரிந்ததைக் குறைத்துச் சொல்லப் பயன்பட்டது. முதலாவது வேலி வாசகனுக்கு வழி காட்டியது. இரண்டாவது ஒரு பெண்ணின் உழைப்பை நெடுங்காலம் மறைத்தது.

ஐயச்சொற்கள் நேர்மையாகப் பயன்பட்டாலும், எழுதுபவரும் வாசிப்பவரும் அவற்றை ஒரே அளவாகப் புரிந்துகொள்கிறார்களா? ஐக்கிய அமெரிக்காவின் மத்திய புலனாய்வு நிறுவனத்தில் கணிப்பறிக்கைகளைத் தயாரித்த ஷேர்மன் கென்ட் 1964இல் எழுதிய கட்டுரை இதற்கு விடை தருகிறது. 1951இல் யூகோஸ்லாவியா மீது சோவியத் சார்பு நாடுகள் படையெடுப்பது 'பாரதூரமான சாத்தியம்' என்று கருதப்பட வேண்டும் என அவரது குழு ஓர் அறிக்கையில் எழுதியிருந்தது. அரசாங்க அதிகாரி ஒருவர், 'அதன் பொருள் என்ன?' என்று கேட்டார். 65க்கு 35 என்ற அளவில் நடக்கலாம் என்று தாம் கருதியதாகக் கென்ட் சொன்னார். அதிகாரி திடுக்குற்றார், அவர் அதைவிட எவ்வளவோ குறைவாக விளங்கியிருந்தார். பின்னர் கென்ட், அந்தச் சொற்றொடரை ஏற்றுக் கையொப்பமிட்ட தமது சகாக்களிடமே விசாரித்தார். 20க்கு 80 என்றவரும் இருந்தார். 80க்கு 20 என்றவரும் இருந்தார். ஒரே வாக்கியத்துக்கு எல்லோரும் உடன்பட்டிருந்தார்கள், வெவ்வேறு பொருளுக்கு.

ஆகவே கென்ட் சொற்களுக்கு எண் குறித்தார்: 'ஏறத்தாழ நிச்சயம்' என்றால் 93 வீதம் அளவில், 'பெரும்பாலும் நடக்கும்' என்றால் 75 வீதம் அளவில் என்றவாறு. அவரது சகாக்களுள் ஒரு சாரார் இதை எதிர்த்தனர். மொழியை எண்ணுக்குள் அடக்க முடியாது என்பது அவர்கள் வாதம். கென்ட் அவர்களைக் 'கவிஞர்கள்' என்றும், எண் வேண்டும் என்றவர்களைக் 'கணிதர்கள்' என்றும் அழைத்தார். தாம் எந்தக் கட்சி என்பதை அவர் மறைக்கவில்லை. கவிஞர்களைக் கொண்ட நமது வட்டத்துக்கு இது சற்று உறைக்கும். ஆயினும் இந்த விடயத்தில் கணிதர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் கருத்து. கவிதையின் மங்கல் வாசகனுக்கு இடம் தருகிறது. அறிக்கையின் மங்கல் பொறுப்பாளிக்கு இடம் தருகிறது.

கணிதர்களின் வழியைப் பின்னர் பெரிய அளவில் கைக்கொண்டது, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு. உலக வெப்பமாதலில் மனிதனின் பங்கு பற்றிய அதன் அறிக்கைகளை வரிசையாக வைத்து வாசிப்பது ஓர் இலக்கிய அனுபவம் என்றே சொல்வேன். 1995இல், சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் உலகக் காலநிலையின் மீது 'இனங்காணத்தக்க' மனிதச் செல்வாக்கு உண்டு என எண்ணத் தோன்றுகிறது என்றது. 2001இல் வெப்பமாதலின் பெரும்பகுதி மனிதனால் என்பதற்கு 'வாய்ப்புண்டு', 2007இல் 'மிகவும் வாய்ப்புண்டு', 2013இல் 'மிக மிக வாய்ப்புண்டு' என்றது. 2021இல்தான், மனிதனே புவியை வெப்பமாக்கினான் என்பது ஐயத்துக்கிடமற்றது என்று எழுதியது. 26 ஆண்டுகளில் ஐயம் படிப்படியாகக் குறைந்து வந்ததை அந்தச் சொற்களே காட்டுகின்றன. 'மிகவும் வாய்ப்புண்டு' என்றால் 90 வீதத்துக்கு மேல், 'மிக மிக' என்றால் 95 வீதத்துக்கு மேல் என்று அறிக்கையிலேயே வரையறையும் உண்டு. அப்படியிருந்தும், 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சாதாரண வாசகர்கள் அச்சொற்களை வரையறையை விடப் பலவீனமாகவே விளங்கிக்கொள்வதாகக் காட்டிற்று. ஐயத்தை எழுதுவது கடினம். அதை வாசிப்பது அதனிலும் கடினம்.

வேலியைப் பிடுங்கி எறிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஈராக் சாட்சி. 2002 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் புலனாய்வு அமைப்புகள் ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி ஓர் இரகசியக் கணிப்பைத் தயாரித்தன. அதன் முக்கிய வாக்கியங்கள் பல 'நாம் கணிக்கிறோம்' என்ற பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களுடன் தொடங்கின. இரசாயன ஆயுதக் கையிருப்புப் பற்றித் திட்டவட்டமான தகவல் தம்மிடம் குறைவு என்ற ஒப்புதலும் அதில் இருந்தது. அதே மாதம் பொதுமக்களுக்கென வெளியிடப்பட்ட வடிவத்தில் அந்த இரண்டு சொற்களும் பல இடங்களில் இல்லை. அந்த ஒப்புதலும் இல்லை. கணிப்பு உண்மைத் தகவலாக உருமாறிவிட்டது. 2004 ஜூலையில் செனட் சபையின் புலனாய்வுக் குழு தனது அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. எந்த வாக்கியத்திலும் புதிதாக ஒரு பொய் நுழைக்கப்படத் தேவையிருக்கவில்லை. வாக்கியத்தின் தலையைக் கொய்ததே போதுமாயிற்று.

பிரித்தானியாவில் 2002 செப்டம்பர் 24இல் வெளியான ஆவணக்கோவையின் கதையும் இதுவே. ஈராக் தொடர்ந்து இரசாயன, உயிரியல் ஆயுதங்களை உற்பத்தி செய்து வந்தது 'ஐயத்துக்கப்பால்' நிறுவப்பட்டுள்ளது எனத் தாம் நம்புவதாகப் பிரதமர் டொனி பிளேயரின் முன்னுரை கூறிற்று. 2003 மார்ச்சில் யுத்தம் தொடங்கியது. அந்த ஆயுதக் கையிருப்புகள் கிடைக்கவில்லை. 2004 ஜூலையில் பட்லர் பிரபுவின் விசாரணை அறிக்கை, கிடைத்த தகவல் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றப்பட்டதென்றும், புலனாய்வின் குறைபாடுகள் பற்றிய எச்சரிக்கைகள் ஆவணக்கோவையில் போதிய தெளிவுடன் இடம்பெறவில்லை என்றும் கண்டது. 2016இல் வந்த சில்கொட் அறிக்கையும், நியாயப்படுத்த முடியாத நிச்சயத்துடன் அக்கூற்றுகள் முன்வைக்கப்பட்டன என்றது.

இங்கு ஒரு நுட்பம் இருக்கிறது. ஆவணக்கோவையின் மொழி, உண்மையில் இருந்ததை விட வலுவான தகவல் பின்னணியில் உண்டு என்ற எண்ணத்தை வாசகரிடம் ஏற்படுத்தியிருக்கக்கூடும் என்றே பட்லர் அறிக்கை எழுதுகிறது. 'மே ஹேவ்'! ஐயச்சொற்களை நீக்கியது பிழை என்று தீர்ப்புச் சொல்லும் அறிக்கை, அந்தத் தீர்ப்பையே ஓர் ஐயச்சொல்லுக்குள் வைக்கிறது. வாசகர் உள்ளத்துள் என்ன எண்ணம் தோன்றியது என்பதை அளந்து சொல்ல முடியாது என்பது உண்மையே. அந்த அளவில் அது எல்லைவேலி. ஆனால் எவர் மீதும் நேராகக் குற்றம் விழாமல் காத்த மறைப்புவேலியும் அதுதான். யுத்தத்துக்கு முன்னர் இருந்திருக்க வேண்டிய 'கூடும்', யுத்தத்துக்குப் பின்னர், பொறுப்பைப் பங்கிடும் நேரத்தில் வந்து சேர்ந்தது. அதற்கிடையில் எத்தனை வீடுகளில் ஓலம் எழுந்தது!

ஆகவே ஐயச்சொல் எங்கும் நல்லது என்று பாராட்டிவிட முடியாது. ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய 'அரசியலும் ஆங்கில மொழியும்' என்ற கட்டுரையில், ஒன்றை நேராகச் சொல்லாமல் 'இல்லாமலில்லை' என்று இரட்டை எதிர்மறையில் சொல்லும் வழக்கத்தைக் கேலி செய்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஓரளவு', 'ஒருவகையில்', 'எனத் தோன்றலாம்' என்று எழுதிச் செல்லும் கல்விமான்கள் இன்றும் உண்டு. சுற்றிவர வேலி, உள்ளே போய்ப் பார்த்தால் பயிரே இல்லை.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் உரைகல் எளிமையானது. ஒரு ஐயச்சொல் நேர்மையானது என்றால் மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்லும். ஐயம் யாருக்கு? எதைப் பற்றி? எது கிடைத்தால் அது நீங்கும்? வட்சனும் கிறிக்கும் தம் அமைப்பை நிரூபிக்கப்படாதது என்றபோது மூன்றுக்கும் விடை இருந்தது. 'பொதுவான தன்மை' என்றபோது ஒன்றுக்கும் விடை இல்லை.

இந்த உரைகல்லில் நமது எழுத்தையும் ஒருமுறை உரசிப் பார்க்கலாம். தமிழ் இவ்விடயத்தில் வறிய மொழியன்று. 'வந்தாராம்' என்ற ஒரே விகுதியில், நான் காணவில்லை, கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் இதற்குத் தனிச்சொல் தேட வேண்டும். 'வரலாம்', 'வரக்கூடும்', 'வந்தாலும் வருவார்', 'வருவார் போலும்' என்று படிகள் பல. 'மழை வரும் போல இரிக்கி' என்னும் நமது ஊர்ப் பெண், வானத்தைப் பார்த்துத் தான் ஊகிப்பதை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாள்! எழுத்துத் தமிழுக்கு வரும்போதுதான் இந்தச் செல்வம் கரைந்துவிடுகிறது. 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது', 'தெரிய வருகிறது' என்று எழுதுகிறோம். கூறியவர் யார், நம்புபவர் யார் என்ற முதற் கேள்விக்கே விடை இல்லை.

நமது நூல் மதிப்புரைகளில் அடிக்கடி வரும் 'என்றால் மிகையாகாது' என்ற தொடரும் இந்த வகைதான். மிகையாகச் சொல்லும் இடத்தில்தான் அது பெரும்பாலும் வருகிறது. முதலாவது கவிதைத் தொகுதியுடன் வரும் இளைஞரை 'இந்நூற்றாண்டின் முக்கிய கவிஞர் என்றால் மிகையாகாது' என்று எழுதுவதனால் அவருக்கு என்ன பயன்? 'இத்தொகுதியில் உள்ள கவிதைகளுள் நான்கைந்து நின்று நிலைக்கக்கூடும். அடுத்த தொகுதி வந்தால் உறுதியாகச் சொல்லலாம்' என்று எழுதினால் அவர் வீடு சென்று அந்த நான்கைந்தும் எவை என்று தேடுவார். எழுத்தாளனுக்கு மதிப்புரையாளன் செய்யக்கூடிய உபகாரம் அதுவே.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிரதியை அச்சுக்கு அனுப்புமுன், கருத்தை ஒப்பிடுவது போலவே துணைவினைகளை மாத்திரம் ஒருமுறை மூலத்துடன் ஒப்பிடுங்கள். மூலத்தில் எத்தனை 'மே', எத்தனை 'மைட்', எத்தனை 'சஜெஸ்ட்' என்று பென்சிலால் கோடிட்டு, அவை ஒவ்வொன்றும் தமிழில் எங்கே போய் இருக்கின்றன என்று தேடுங்கள். தேடியும் கிடைக்காத இடங்களில் எழுதியவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் நாம் சொல்லியிருக்கிறோம். அரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லாத வேலை இது.